ஏழாம் மேசை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே
அபசகுனம் வேண்டாமென்று
ஏழு என்பதற்கு இத்தாலிக்காரர்கள் வைத்திருக்கும் சொல்லை
நான் வாய்நிறையச் சொல்லவில்லை.
செத்தே.
அடுப்பு மூட்டியதும் சொல்கிற சொல்லா அது?
ஒற்றை விழுங்கி, சேதே என்றேன்.
ஒர்னெல்லா ஒரு கூஜா தண்ணீரை நீட்டினாள்.
சேதே என்றால் தாகமாம்.
ஏழாம் மேசைக்காரர்கள் தட்டுக்குக் காத்திருக்க
மறுக்கத் தெரியாமல்
நின்றபடி முழுவதும் குடித்தேன்.

துமாஸ் வீதியில் பின்கட்டு அடுப்படி.
என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள் முதலாளி.
அஞ்சலாட்சி அவள் வாயில் ஆஞ்செலா ஆகிவிட்டது.

பலிக்கும் பல்லிக்கும் இடையே எவ்வளவு தூரமோ
அவ்வளவுதான் அவள் மொழியிலும்.
பாலா, ரொட்டியை நெருப்புக்குள் தள்ளும் நீளத் துடுப்பு.
பல்லா, அவள் தம்பி உதைக்கும் பந்து.
காசா வீடு, காஸ்ஸா கல்லாப்பெட்டி.
சோல்தி என்றால் பணம்.
அதை மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை,
எங்கள் ஊரில் சொல்தா வீடு என்றால்
பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிற வீடு.

நோட்டு கிடையாது.
ரொட்டியைக் கவிழ்த்து வைத்தேன்
பதறி ஓடிவந்து நிமிர்த்தினாள்,
பானே என்ற சொல் அப்படி வந்தது.
எண்ணெய் சிந்திய அன்று
அவள் முகம் போன போக்கில்
ஓலியோ, இனி எந்த ஜென்மத்திலும் மறக்காது.

வாசலில் நான் கட்டிய எலுமிச்சை மிளகாயைப் பார்த்து
எந்தக் குழம்புக்கு என்று கேட்டாள்.
என் கண்ணைத் தொட்டு, தெருவைக் காட்டினேன்.
சட்டைக்குள்ளிருந்து சங்கிலியை இழுத்தாள்.
நுனியில் ஒரு சிவப்பு மிளகாய்.
மிளகாய் இல்லையாம், கொம்பாம்.
மலோக்கியோ என்று
அவளும் தெருவைத்தான் காட்டினாள்.

சம்பளம் எப்போது என்று கேட்ட நாளில்
தோளைக் குலுக்கி, போ என்றாள்.
கண் கலங்கிவிட்டது எனக்கு.
சோற்றுத்தூக்கை எடுத்துக்கொண்டு
பஸ் நிறுத்தம் வரை வந்துவிட்டேன்.
பின்னாலேயே ஓடிவந்தாள், கை முழுக்க மாவோடு.
போ என்றால், தெரியலையே என்று அர்த்தமாம்.
கணக்கர் இன்னும் வரவில்லையாம்.

அல்லோரா என்பது நம் அப்புறம்.
பேச எதுவும் இல்லாதபோதும்
இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொண்டிருப்போம்.

ஆண் பெண் பிரிப்பதுதான் தீராத தொல்லை.
கரண்டி ஆண். முள்கரண்டி பெண். கத்தி ஆண்.
கழுவிக் கவிழ்த்தால் எனக்கு எல்லாம் அதுகள்தான்.
மேசையோ இன்னும் மோசம்.
வெறும் பலகையாய்க் கிடக்கையில் தாவோலோ, ஆண்.
துணி விரித்து, சோறு வைத்து
நாலு பேர் உட்கார்ந்ததும் தாவோலா, பெண்.
இதை அவள் சொன்ன ராத்திரி
ஏழாம் மேசையைக் கொஞ்சம் மெதுவாகத் துடைத்தேன்.

கார்த்திகையில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
கடையை அடைத்துவிட்டுக்
கடற்கரைச் சுவரோரம் போய் நின்றோம்.
என் அண்ணன் படகு
வைத்திக்குப்பத்து மணலில் மேடேறிக் கிடந்தது.
இல் மாரே என்றாள், அலையைப் பார்த்து.
இல் என்றால் ஆண்.
எனக்குச் சுருக்கென்றது.
மாரி என்றால் மழை, அவளும் பெண்தான் எங்களுக்கு,
இவளை, எங்கள் கடலம்மாவை,
மீசை வைத்து நிறுத்துகிறாயே என்று
தமிழிலேயே சண்டை போட்டேன்.
லா மாரே என்றேன்.
இல் என்றாள்.
லா.
இல்.
சுவர் தாண்டி வந்தது ஒரு தண்ணீர்,
ரெண்டு பேர் வாயிலும் உப்பு.

இப்போதெல்லாம் கூசாமல் சொல்கிறேன் செத்தே என்று.
ஏழாம் மேசைக்குத் தட்டு சூடாகப் போய்ச் சேருகிறது.
பதினொரு மணிக்குமேல் நுரைக் காப்பி கேட்கிறவரைப் பார்த்து
அவளோடு சேர்ந்து நானும் உச்சுக்கொட்டுகிறேன்,
வீட்டில் ராத்திரி பத்துக்கும் பால் காப்பி குடிக்கிறவள்.
என் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்,
மீனில் முள் எடுப்பதுபோல.
கடலுக்கு மட்டும் லா.
அது பிழையென்று உனக்குத் தெரியும்தானே, ஆஞ்செலா,
என்று கேட்டால்
தோளைக் குலுக்கிச் சொல்வேன்:
போ.