ஏழெட்டு ஐம்பத்தாறு

பணகுடிக் கல்குவாரியில் சாயங்காலம் நாலுக்கு வெடி.
என் கருவியின் கோடு
எப்போதும் மேல்நோக்கியே துள்ளும்.
வெடிக்குத் தள்ளத்தான் தெரியும், இழுக்கத் தெரியாது.

நேற்று ராத்திரி இரண்டே காலுக்குப்
பாத்திரம் உருண்டது. தெரு விழித்தது.
"ராத்திரியுமா வெடி போடுதான், பாவிப்பய?"
குவாரிக்காரர் தாசையாவுக்கு ஃபோன் மேல் ஃபோன்.

நான் தாளைப் பார்த்தேன்.
முந்தி வந்தது, பாறையை நெருக்கி விரித்து ஓடும் அலை.
பிந்தி வந்தது, குறுக்கே உலுக்கும் அலை.
நடுவே ஏழு நொடி.
ஏழெட்டு ஐம்பத்தாறு கிலோமீட்டர்.
எந்தத் திசை? ஒற்றைக் கருவி சொல்லாது.
வட்டம் போட்டேன்;
பாதி கடலில் நனைந்தது.

முதல் கோடு கீழே இறங்கியிருந்தது.
இழுத்திருக்கிறது.

சுவர் விரிசல் விட்ட வகையில்
ஒன்பது வழக்கு உண்டு தாசையா மேல்.
இந்த ஒன்றில் மட்டும்
அவர் உறங்கிக்கொண்டுதான் இருந்தார்.