கால் சுற்று

வாரத்தில் ஐந்து நாள்
மோதி நசுங்கிய கார்களுக்கு
'முழு நட்டம்' என்று எழுதுவது என் பிழைப்பு.
இன்சூரன்ஸ் கம்பெனி, மூன்றாம் மாடி, ராஸ் அல் கைமா.
சனிக்கிழமை மட்டும்
சம்பளமில்லாத வேலைக்குப் போகிறேன்.

சிமெண்ட் கிடங்குக்கும்
ஒட்டகத் தீவனக் கடைக்கும் நடுவே
ஒரு மோட்டார் அருங்காட்சியகம்.
முன்கூடத்தில் நீள நீளமான கார்கள்;
படம் எடுக்கிறவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.
பின்கூடத்தில், ஏசி கொஞ்சம் சோம்பும் இடத்தில்,
பதினேழு மோட்டார் சைக்கிள்கள்.
அவற்றுக்கு நானும் ரொடேலியோவும்.
அவன் பல் மருத்துவமனையில் நர்ஸ்.

முதல் நாளே ஷம்சா சொல்லிவிட்டாள்:
டேங்கில் பெட்ரோல் கூடாது.
உதைக்கக் கூடாது.
ஏறி உட்கார்ந்து பார்க்கும் ஆசையே கூடாது.
வாரம் ஒருமுறை சக்கரத்தைக் கால் சுற்று திருப்ப வேண்டும்,
இல்லையென்றால் டயர்
நின்ற இடத்திலேயே தட்டையாகிவிடும்.

காலால் உதைக்க வேண்டிய வண்டியைக்
கையால் கால் சுற்று.
பழந்தமிழில் சக்கரத்துக்கும் கால் என்றுதான் பெயர்,
காற்றுக்கும் அதுவே.
ரொடேலியோவுக்கு இதை விளக்கப் போய்
பாதியில் விட்டேன்.
அவன் பழைய பல்துலக்கியால்
சிலிண்டர் செதில்களின் இடுக்கில்
மணல் எடுத்துக்கொண்டிருந்தான்.
பூட்டிய கூடத்துக்குள் மணல் எப்படி வருகிறது என்று
இருவருமே இப்போது கேட்பதில்லை.

பதினோராம் எண்:
ஐம்பத்து மூன்றாம் வருடத்து பி.எஸ்.ஏ.
'அசல் நிலையில் உள்ளது' என்றது அட்டை.
மூன்று மாதம் நம்பித்தான் துடைத்தேன்.
ஒருநாள் எண்ணெய்த் தட்டு வைக்கத்
தரையில் படுத்தபோது
தொழில்புத்தி விழித்துக்கொண்டது.

இடது கால்மிதி ஒரு விரற்கடை மேலே நிற்கிறது.
முன் ஃபோர்க்கில் வளைந்து நிமிர்ந்த சுருக்கம்.
டேங்கின் இடப்பக்கப் பள்ளத்தில் பட்டி பூசி
பச்சை அடித்திருக்கிறார்கள்,
பச்சைக்கு அடியில் இன்னொரு பச்சை.
விழுந்திருக்கிறது.
இடப்பக்கம். வேகமில்லை. பின்னால் பாரம்.
மீன் கூடையாக இருக்கலாம். ஆளாகவும் இருக்கலாம்.
மணலில்தான்; அன்று இங்கே தார்ச்சாலை ஏது.
அப்புறம் இன்னொரு முறை, அதே பக்கம்.
நிமிர்த்தியவர்கள் இருவர்:
ஒருவர் சுத்தியலில் அவசரம்,
மற்றவருக்கு அன்று வேறு வேலை இருந்திருக்காது.

ஷம்சாவிடம் போய் நின்றேன்.
'அசல் இல்லை. இரண்டு விபத்து.'
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
'இழப்பீடு கேட்கிறாயா?' என்றாள்.
சிரித்து முடித்தபின்
'சரி, என்ன எழுதலாம்? நீயே எழுது' என்றாள்.

நானா? எனக்கு எழுதத் தெரிந்தது இரண்டே சொல்.
கழிவறைப் பக்கத்துப் பெஞ்சில்
முக்கால் மணி நேரம் அட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.
'புதுப்பிக்கப்பட்டது' பொய்.
'ஒட்டுப்போட்டது' மரியாதையில்லை.
'இருமுறை விழுந்து எழுந்தது' என்று
கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
'எழுந்தது எதற்கு? அதுதான் நிற்கிறதே'
என்று அடித்துவிட்டாள்.
அரபியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகி வந்தது:
இருமுறை விழுந்தது.

டிசம்பரில் ஒரே ஒரு நாள்
முற்றத்துக்குத் தள்ளிப் போய் உதைக்க அனுமதி.
ஐந்தாம் உதையில் லீவர் திருப்பி அடித்து
என் கெண்டைக்கால் கன்றிப்போனது.
ஒன்பதாவதில் ஒரு தும்மல்,
நீலப் புகை,
பிறகு தடதடவென்று
தீவனக் கடைப் புறாக்கள் மொத்தமும் மேலே.
நாற்பது நொடி ஓடியது,
நின்ற இடத்திலேயே.
ரொடேலியோ ஏதோ கத்தினான். கேட்கவில்லை.

திங்கட்கிழமை யார்டில் ஒரு வெள்ளை சன்னி.
முகப்பே இல்லை.
உள்ளே வாசனை அட்டை ஆடிக்கொண்டிருந்தது.
படிவத்தில் பேனா வைக்கும் முன்
யாரும் பார்க்கவில்லை என்று பார்த்துக்கொண்டு
அந்தரத்தில் நின்ற பின்சக்கரத்தைத் திருப்பினேன்,
கால் சுற்று.
பிறகு எழுதினேன்.
முழு நட்டம்தான்.