ஒன்பதாவது ஃபியூஸ்

டிமாருவில் உன்னை விற்றவர் பெயர் ஆஸ்மண்ட்.
"ஒரு தொந்தரவும் தராது" என்றார்.
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை,
உன் பின்சக்கரத்தைப் பார்த்தார்.
முப்பத்தாறு வயது ஹையேஸ்.
இரண்டு அடுப்பு, ஒரு தொட்டி,
மடித்தால் மேசை, விரித்தால் கட்டில்.
ஒமாரு வந்து சேர்வதற்குள்
ஒரு வைப்பர் காற்றோடு போயிற்று.

டயரில் பூ தேயவே இல்லை.
மண்டியிட்டு, பக்கவாட்டில் பொறித்த நாலு எண்ணைப் படித்தேன்.
பதின்மூன்றாம் வருடம், இருபத்தாறாம் வாரம்.
ஓடித் தேய்வது ஒரு முதுமை;
நின்றே வெடிப்பது இன்னொன்று.

மழை பெய்த மறுநாள்
தலைமாட்டுப் பலகையில் ஸ்குரூ டிரைவரை வைத்தேன்.
வைத்ததுதான், அழுத்தவில்லை.
தேநீரில் முக்கிய பிஸ்கட்டுக்குள் போவதுபோல் போனது.
ஒழுகும் இடம் வேறு, நனையும் இடம் வேறு.
தண்ணீர் கூரைக்குள்ளேயே நாலு முழம் நடந்து
தனக்குப் பிடித்த ஆணியில்தான் இறங்குகிறது.
சட்டத்தைக் கழற்றினால் சிலிகான்.
சுரண்டினால் அதற்கடியில் வேறு நிறத்தில் சிலிகான்.
அதற்கும் அடியில், நாலாக மடித்து யாரோ செருகிய
ரக்பி டிக்கெட், பழுப்பேறி.
சுண்டைக்காய் கால் பணம் என்று தொடங்கினேன்.
மிச்சத்தை ரேவின் கணக்குப் போட்டு
பள்ளிப் பேருந்தின் சாவிக்கொத்தால்
மேசையில் தட்டிக் காட்டினாள்.

இரவு இரண்டு மணிக்கு ஒரு கனைப்பு.
இந்த ஊரில் அது பெங்குவினாகத்தான் இருக்கும்;
கடலிலிருந்து ஏறி வந்து
எந்த வீட்டின் அடியிலும் குடித்தனம் வைக்கும் கூட்டம்.
டார்ச்சோடு குனிந்தேன். பெங்குவின் இருந்தது.
என்னைத் திட்டியது.
கனைப்பு மட்டும் அதனுடையதல்ல.
உன் பம்பு.
யாரும் குழாயைத் திறக்காதபோதும்
அரை விநாடி ஓடி நிற்கிறது.
எங்கோ ஒரு வாஷர் சொட்டுகிறது.
அது நாளைக்கு.

ஏனென்றால் பேட்டரி.
நிறைத்து வைத்தால் மூன்றாம் நாள் செத்துக் கிடக்கிறாய்.
புதியது போட்டேன். அதுவும் செத்தது.
"விற்றுவிடேன்" என்றாள் ரேவின்,
முதலில் மெதுவாக.
மீட்டரை இடையில் கோத்துப் பார்த்தேன்:
புள்ளி எட்டு மூன்று ஆம்பியர்.
எல்லாம் அணைந்திருக்கையில்
எதையோ தின்றுகொண்டிருந்தாய்.

ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினேன்.
அவள் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.
"விளக்கு" என்று எழுதியதைப் பிடுங்கினால் விசிறி நின்றது.
"விசிறி"யைப் பிடுங்கினால் ரேடியோ.
எட்டு வரை எண் அசையவில்லை.
ஒன்பதாவதில் பெயரே இல்லை.
"சுழி" என்றாள்.

கம்பியின் வழியே விரலால் போனேன்.
அடுப்புக்குப் பின்னால், தொட்டிக்கு மேலே,
துணி அலமாரியின் முதுகு.
விளக்கை அணைக்கச் சொன்னேன்.
மூடிய கதவின் இடுக்கில்
நூல் கனத்தில் மஞ்சள் வெளிச்சம்.
உள்ளே குண்டூசித் தலை மாதிரி ஒரு சுவிட்ச்,
அமுங்கிப்போய் எழ மறந்தது.
தொட்டால் சுடும் பல்பு.
தொங்கிய மழைக்கோட்டில்
விளக்குப் பக்கத்துத் தோள் மட்டும் வெளுத்திருந்தது.

ஆஸ்மண்டைக் கூப்பிட்டேன்.
கொட்டகையில் எப்போதும் உன்னைச்
சார்ஜரில் மாட்டியே வைத்திருப்பாராம்.
தொந்தரவு தந்ததே இல்லையாம்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு,
"அந்த அலமாரியில் விளக்கு இருக்கிறதா?" என்றார்.
மனிதர் பொய் சொல்லவில்லை.

நாலு டாலர் சுவிட்ச்.
மாட்டிவிட்டேன். ஆனால் மூடிய கதவுக்குள்
அணைந்ததா என்று எப்படிப் பார்ப்பது?
மீட்டர் இருக்கிறது என்றேன்.
ரேவின் கேட்கவில்லை. மழைக்கோட்டை ஒதுக்கி,
முழங்காலை மடக்கி உள்ளே உட்கார்ந்தாள்.
"மூடு."
மூடினேன்.
"இருட்டு!" என்றது அலமாரி,
அவ்வளவு சந்தோஷமாக.

கீழே ஒருமுறை கனைத்தது பம்பு,
அல்லது மற்றது.