காவலர் கண்ணெட்டும் தூரம்

ஆட்டம் தொடங்கியபோது ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு பாலை. கந்தல் காற்சட்டையோடு ஒருவன்.
எங்கே போ, யாரைக் கொல், எதைத் தேடு,
ஒரு அம்புக்குறிகூட இல்லை.
பெயர் மட்டும் கேட்டது.
யோசிக்காமல் 'கட்டைவண்டி' என்று அடித்தேன்.

ஓல்டனில் நவம்பர் மாதம்.
ஆறே நதியில் எழும்பிய மூடுபனி
மூன்றாம் மாடிவரை ஏறி
யன்னலில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.
இரவெல்லாம் ரயில்பெட்டி கழுவி
பகலில் நித்திரை வராதவனுக்கு
தெஸ்ஃபாய் கொடுத்த பழைய மடிக்கணினி.
அதற்குள் இருந்தது இது.

நாலாவது நிமிடம் ஏழு பேர் வந்தார்கள்.
கொடியவர்கள் என்று சொல்ல முடியாது,
விலா எலும்பு எண்ணலாம்.
அடித்துப்போட்டு
அரை றாத்தல் பாணை எடுத்துக்கொண்டு போனார்கள்.
அவன் மணலில் கிடந்தான்.
நான் ஆறிப்போன தேத்தண்ணியோடு
எழும்புவானா எழும்புவானா என்று
இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழும்பினான். பத்தடி நடந்தான். செத்தான்.

இரண்டாவது கட்டைவண்டியை ஓநாய் தின்றது.
மூன்றாமவனை விலங்கு பூட்டி
உப்பளத்துக்கு இழுத்துப் போனார்கள்;
இப்போதும் அங்கேதான் இருப்பான்.
நாலாமவனைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

ஐந்தாமவனுக்குத்தான் புத்தி வந்தது,
அதாவது எனக்கு.
ஊரை விட்டுப் போகாதே.
மதிலோரம் செம்புப்பாறை இருக்கிறது,
காவலர் கண்ணெட்டும் தூரம்.
வெட்டு. விற்றுப் பாண் வாங்கு. திரும்ப வெட்டு.
எவனாவது தடியோடு வந்தால்
எல்லாவற்றையும் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடு.
உன் வீரத்தைப் பற்றி
இங்கே ஒருவரும் விசாரிக்கப் போவதில்லை.

கதவு தட்டுப்பட்டது. கீழ்வீட்டுத் திருமதி ஹூஸ்லர்.
சலவையறையில் என் முறை பதினொரு மணிக்கே முடிந்ததாம்,
என் சட்டைகள் இன்னும் சுழல்கின்றனவாம்.
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இறங்கினேன்.
ஈரத்துணிக் கூடையோடு ஏறி வந்தபோது
கட்டைவண்டிக்கு ஒரு கால் இல்லை.

தவழ்ந்தான்.
பாறையிலிருந்து வாசலுக்கு,
வாசலிலிருந்து சாராயக் கடைக்கு.
அங்கே ஒரு மூலையில் இருந்த பெண்
காசு கேட்காமல் கூட வந்தாள்.
ஈசல் என்று பெயர் வைத்தேன், நீண்டகாலம் இருக்க மாட்டாள் என்று.
இருந்தாள்.
அவனைத் தோளில் போட்டுக்கொண்டு
மதிலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.
சுமக்கச் சுமக்க அவள் பலம்
ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்பது.
மரக்கால் வாங்க
இருநூறு கட்டிச் செம்பு வெட்டினாள்.

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த தெஸ்ஃபாய்
சஹாராவைக் கடந்தவன்.
"இது எங்கள் கதையல்லவா" என்றான் ஜெர்மனில்.
எனக்குக் கோபம் வந்தது.
"இல்லை. இங்கே கோப்பு இருக்கிறது.
கால் போவதற்கு முந்திய நேரத்தைத் திறந்தால்
கால் திரும்ப வந்துவிடும்."
"நீ திறக்கவில்லையே" என்றான்.
பிறகு போய் முட்டை பொரித்தான்.

நாற்பத்தோராம் நாள் அந்த ஏழு பேர் திரும்பி வந்தார்கள்,
ஐவராக.
நாங்களும் இப்போது நாலு பேர்.
முடிந்தபோது ஒருவன் மட்டும் மூச்சோடு கிடந்தான்.
பையைத் துழாவினேன். ஒன்றுமில்லை,
நூல்கூட இல்லை.
எங்களிடமிருந்த கடைசித் துணியால் கட்டுப்போட்டேன்.
அதற்கு இந்த ஆட்டத்தில் புள்ளி கிடையாது.
கண் விழித்தான்,
ஈசலின் பையிலிருந்த பாணைத் திருடிக்கொண்டு
ஓடினான்.
நான் வாய்விட்டுச் சிரித்ததில்
கீழே திருமதி ஹூஸ்லர்
தடியால் கூரையை இடித்தார்.

மதிலுக்கு வெளியே ஒரு குடிசை போட்டிருக்கிறோம்.
கோதுமை விதைத்தேன். மண் பிழை, முளைக்கவில்லை.
தெற்கே மண் நல்லதாம்,
மழைதான் தோலை உரிக்குமாம்.
நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.
பனிக்குள் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று
கால்களுக்குத் தெரியும்.
பாதி வழியில் கையைப் பையில் விட்டேன்:
சலவையறைத் திறப்பு
இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.