ஒரே வண்டியில்

பியர் என்று எழுதி பீர் என்று சொல்கிற தலைநகருக்கு
விடியும் முன்பே கிளம்பினோம்.
"எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் சண்டை.
முதல் பாடம் முடிந்தது" என்றேன்.
பின்னிருக்கையில் பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.
பக்கத்தில் என் நாத்தனார் ஆர்லிஸ்
கொஞ்சம் சிரித்தாள்.
எனக்கு அது பிடிக்கவில்லை.

அவள் காரின் பேட்டரி குளிரில் செத்துப்போயிருந்தது.
நேற்றிரவு பத்து மணிக்குப் போன்:
"நீயும் அங்கேதானே போகிறாய்?"
அங்கேதான் போகிறேன்.
வீட்டில் படிக்கும் பிள்ளைகளும்
ஆண்டுக்கொரு முறை பள்ளிக்கு வந்து
பரீட்சை எழுதியாக வேண்டும் என்கிற மசோதாவை
எதிர்த்துப் பேச நான்.
ஆதரித்துப் பேச அவள்.

மூன்று மணி நேரம்.
பனி, வைக்கோல் உருளைகள், மறுபடி பனி.
அவளுடைய அம்மாவின் முழங்கால் அறுவையைத் தவிர
நாங்கள் எதையும் பேசவில்லை.
உறுப்பினர்களின் மனம் இளக நான் சுட்ட
லவங்கப்பட்டை ரோல் தட்டை
வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு
வளைவுகளில் கவனமாகப் பிடித்துக்கொண்டவள்
அவள்தான்.

குவிமாடத்தின் கீழே எங்களைப் போல நூறு குடும்பங்கள்.
ஈரக் காலணிகள், தள்ளுவண்டிகள்,
தூண் மறைவில் பால்கொடுக்கும் ஒருத்தி,
செல்லோ பெட்டிமேல் தூங்கிப்போன ஒரு பையன்.
வழிகாட்டி தரையைக் காட்டினார்:
இதைப் பதித்த இத்தாலியக் கொத்தர்கள்
பெயர் பொறிக்கக் கூடாதாம்.
பதிலுக்கு ஆளுக்கொரு நீலக் கல்.
கொடுத்தது அறுபத்தாறு,
கண்டுபிடித்தது ஐம்பத்தைந்து என்கிறார்கள்.
சொல்லி வாய் மூடவில்லை,
பிள்ளைகள் அத்தனை பேரும் நாலுகாலில்.
கோப்புகளோடு வந்த செனட்டர்கள்
சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள்.

ஆளுக்கு இரண்டு நிமிடம்.
மேசையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு.
என் டோபின் ஒன்பது வயதில்தான் வாசித்தான் என்றேன்.
பள்ளியில் மேசைக்கு அடியில் ஒளிந்தவன் என்றேன்.
அளக்கிறவர்கள் இல்லாத ஒரு குளிர்காலத்தில்
தானியப் பையின் மேலிருந்த எழுத்துகளைத்
தானாகக் கூட்டினான் என்றேன்.
சிவப்பு.
முன்வரிசை உறுப்பினர் ஒருவர்
விரலில் ஒட்டிய சர்க்கரைப் பாகை நக்கிக்கொண்டிருந்தார்.

ஆர்லிஸ் காகிதம் எதுவும் எடுக்கவில்லை.
"பதினொரு வயதில் ஒரு பெண் என் வகுப்புக்கு வந்தாள்.
வீட்டில் படித்தாள் என்று பதிவேட்டில் இருந்தது.
தன் பெயரை அவள் எழுதவில்லை.
வரைந்தாள்.
பூனையை வரைகிற மாதிரி."
மஞ்சள் எரியும்போதே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும்.
எங்கள் சாலையின் கடைசி வீடு.
லின்னேயாவுக்குச் சிறுத்துப்போன கோட்டை
ஒருமுறை அங்கே கொடுத்தனுப்பினேன்.
வாசலோடு திரும்பி வந்தேன்.
உள்ளே ஏதாவது புத்தகம் இருந்ததா என்று
எட்டிப் பார்க்கவில்லை.

வாக்கெடுப்பு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.

லின்னேயா கழிப்பறைக் கதவோரம்
ஒரு நீலக் கல்லைக் கண்டுபிடித்திருந்தாள்.
ஏற்கெனவே எண்ணியதுதான் என்றார் வழிகாட்டி.
உறையாத ஏரியில் வாத்துகளைப் பார்க்கிற வரைக்கும்
அவள் முகம் சரியாகவில்லை.

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது.
"அந்தப் பெண் இப்போது?" என்றேன்.
"ஒன்பதாம் வகுப்பு. கணக்கு சுமார்."
கொஞ்ச தூரம் போய்,
"ரோல் மிச்சமிருக்கிறதா?" என்று கேட்டாள்.
தட்டில் ஒட்டிக்கொண்டு ஒன்று இருந்தது.
பிய்த்ததில் பெரிய பாதியை எனக்குத் தந்தாள்.

பின்னால் டோபின்
ஹெட்லைட்டில் விழும் பலகைகளையெல்லாம்
சத்தம்போட்டு வாசித்துக்கொண்டு வந்தான்.
வைக்கோல் விற்பனைக்கு. மான்கள் கடக்கும் இடம்.
பெட்ரோல் பன்னிரண்டு மைல்.
ஓர் ஊரின் பெயரைத் தப்பாக வாசித்தான்.
அவளும் ஆசிரியை, நானும் ஆசிரியை.
இரண்டு பேரும் திருத்தவில்லை.