கேரண்டி

பேனரில் கோலாப் என்று அடித்துவிட்டார்கள்.
வந்தவர் அண்ணாந்து பார்த்தார், சிரித்தார்.
நடு எழுத்தின் குறுக்கே ஒரு கோடு விழவேண்டுமாம்,
அதற்கடுத்த எழுத்துக்கு ஒரு வால் தொங்கவேண்டுமாம்,
அப்போதுதான் அது கொவோம்ப்.
அப்போதுதான் அது புறா.
பரவாயில்லை என்றார்,
லண்டன் பள்ளிக்கூடத்து முதல் நாளிலிருந்தே
பரவாயில்லை சொல்லிப் பழகிய குரலில்.
வீரப்பன், வீராபென் ஆகி நாலு தலைமுறை.
நான் போய் ஏணி கொண்டுவந்து
கறுப்பு மார்க்கரால் கோடு போட்டேன். வாலும் போட்டேன்.
வால் கொஞ்சம் நீண்டுவிட்டது.

போ பாசென், நகரசபை மண்டபம், வியாழன் மாலை.
மைக்கும் புரொஜெக்டரும் என் பொறுப்பு,
முடிந்ததும் அவரை ஹோட்டலில் இறக்கிவிடுவதும்.
நாற்பது நாற்காலி, பதினேழு தலை.
அதில் ஆறு மழைக்கு ஒதுங்கியவை.

முப்பத்தொன்பதில், மார்ச் மாதக் கடைசி நாளில்
பிரிட்டன் போலந்துக்கு ஒரு கேரண்டி கொடுத்தது
என்று ஆரம்பித்தார்.
ரோஸ் ஹில்லில் வாங்கிய எங்கள் ஃபிரிட்ஜுக்கும் இருந்தது,
இரண்டு வருஷம்.
இரண்டு வருஷமும் ஒன்பது நாளும் ஓடி நின்றது.
கடைக்காரன் காகிதத்தை விரித்துக் காட்டினான்.
காகிதத்துக்கு ஒரு பழுதும் இல்லை.

அடுத்த படம்: விமானத்தின் இறக்கையில் சாய்ந்து நாலு பையன்கள்,
ஒருவனுக்குச் சட்டைப் பொத்தான் இல்லை.
அடுத்த படம்: ஒரு வரைபடம்,
தேசத்தையே பாய் மாதிரி இழுத்து
மேற்கே போட்டிருந்தார்கள்.
அடுத்தது நாற்பத்தாறு, ஜூன், லண்டன் வெற்றி ஊர்வலம்.
யார் யாரோ நடக்கிறார்கள்.
இதில் இல்லாதவர்களைப் பாருங்கள் என்றார்.
இல்லாதவர்களை எப்படிப் பார்ப்பது?
நான் ஃபோகஸைத் திருகிப் பார்த்தேன்.

இந்த ஊர்ச் சிறையையும் சொன்னார், ஐந்து நிமிஷம்.
ஹைஃபாவில் இறங்கவிடாமல் திருப்பிய யூதர்களை
போர் முடியும்வரை இங்கே பூட்டிவைத்ததை,
சிலர் பையில் போலந்துக் கடவுச்சீட்டு இருந்ததை.
தினம் அந்த மதிலை ஒட்டித்தான் நான் பைக்கில் போகிறேன்.

கேள்வி நேரம்.
கடைசி வரிசையில் மதாம் ஒக்தாவி எழுந்தார்.
தியேகோ கார்சியாவில் பிறந்தவர்.
அறிவிப்பில் பிரிட்டிஷ் என்று ஒரு சொல் இருந்தால்
எந்தக் கூட்டமானாலும் பஸ் பிடித்து வந்துவிடுவார்.
கிரியோலில் கேட்டார். நான் மாற்றிச் சொன்னேன்:
அந்தப் பையன்கள் திரும்பிப் போகவில்லை, சரி.
அவர்கள் வீட்டு நாய்க்கு
யார் சோறு வைத்தது?

மழைக்கு ஒதுங்கியவர்களில் இருவர் சிரித்தார்கள்.
அவருடைய தீவைக் காலிசெய்தபோது
நாய்களை என்ன செய்தார்கள் என்று தெரிந்தவர்கள்
சிரிக்கவில்லை.
புறா கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
ஆவணங்களில் அதைப் பற்றி, என்று தொடங்கி
தண்ணீர் குடித்தார்.
தலைவர் நன்றியுரைக்கு எழுந்துவிட்டார்.
மதாம் ஒக்தாவி உட்காரவே இல்லை,
கத்தோ பிமா தட்டு வரும்வரை.
இரண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனார்.

காரில் அவர் பேசவில்லை.
வைப்பர் ஒரு பக்கம்தான் வேலைசெய்யும், என் பக்கம்.
அவர் பக்கக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர்.
சேன் ழான் ரவுண்டானா தாண்டியதும் சொன்னார்:
ஒரு கடிதம் இருந்தது.
லிங்கன்ஷயரிலிருந்து அம்மாவுக்கு எழுதியது,
எந்தப் பையன் என்று மறந்துவிட்டது.
கடைசியில் நாயைப் பற்றி ஒரு வரி, பெயரோடு.
ஆராய்ச்சிக்குத் தேவையில்லை என்று
குறிப்பெடுக்காமல் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அந்தப் பெயரைத் தேடிக்கொண்டே வந்தார்.
உதடு அசைந்தது, போலந்து மொழியில்தான் இருக்கவேண்டும்,
இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லிப் பார்த்து
இல்லை, இல்லை என்றார்.
ஹோட்டல் வந்துவிட்டது.
நான் எஞ்சினை அணைக்கவில்லை,
இன்னொரு தரம் சுற்றிவரலாமா என்று கேட்டேன்.