முற்பணம்

மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுது என்று
இரண்டு மொழியில் சரியாக எழுதி
தமிழில் மட்டும் "வேளை செய்யாது" என்றிருந்தது.
வேளை செய்யாததால்தானே வந்திருக்கிறேன் என்று
படியேறும்போது சிரித்தேன், மூச்சிரைக்க.

யன்னலுக்குக் கீழே பம்பலப்பிட்டி.
நூறாம் இலக்க பஸ்கள் இரண்டு
ஒரே பயணிக்காகச் சண்டை பிடித்தன.
உள்ளே ஏ.சி. வாளிக்குள் சொட்டியது.
கதிரைகளில் பொலித்தீன் உறை உரிக்கப்படவில்லை.
புதிதா,
திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்றா?
கடன்பட்டவளுக்குத்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

டிலான் என்று பெயர். கொட்டாஞ்சேனையில் படித்தவனாம்,
தமிழ் அப்படி ஒட்டிக்கொண்டதாம்.
"மிஸிஸ் மொறாயஸ், மொத்தம் எவ்வளவு?"

மொத்தத்தை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.
அன்ரனுக்கு ஓட்டோ லீசிங்கும் ஒரு கார்டும் தெரியும்,
மற்றக் கார்டு தெரியாது.
அக்காவுக்குச் சங்கிலி அறுந்து திருத்தக் கொடுத்திருக்கிறது.
கிழமைக்கொருக்கால் வாசலில் வந்து நிற்கிற பெண்ணை
முன்வீட்டார் என் சிநேகிதி என்று நினைக்கிறார்கள்.
இவனுக்குச் சொன்னேன்:
பதினொரு இலட்சத்து நாற்பதாயிரம்.
கல்குலேட்டரில் அடித்தான். முகம் மாறவில்லை.
அதற்கே கொஞ்சம் காசு கொடுக்கலாம் போலிருந்தது.

"இனி அவங்களோட நீங்கள் கதைக்கத் தேவையில்லை," என்றான்.
"நாங்கள் கதைப்பம்."

காலை ஆறே முக்காலுக்கு வருகிற அழைப்பு,
பூசை நடுவில் வருகிற அழைப்பு,
பார்மசியில் சில்லறை எண்ணும்போது
இடுப்பில் அதிர்கிற அழைப்பு,
எல்லாம் இந்த மேசைக்கு வந்து
இவனுடைய டையைப் பிடித்து உலுக்கட்டும்.
நான் படுத்துத் தூங்குவேன்.
ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை.

கட்டணம் முப்பத்தையாயிரம், கையில்.
பிறகு மாதாமாதம் ஒரு வீதம்.
வங்கி குறைக்க மாட்டேன் என்றால்?
"பெரும்பாலும் குறைப்பாங்கள்."
குறைக்காவிட்டால் என்ர முப்பத்தையாயிரம்?
பேனை மூடியைக் கழற்றினான். போட்டான்.
"அது புரொசசிங்."

நியாயமாகத்தான் யோசித்தேன்.
செவ்வாய்தோறும் கொச்சிக்கடையில்
மெழுகுதிரிக்கும் முற்பணந்தான்.
கேட்டது கிடைக்காதபோது திருப்பித் தா என்றதில்லை.
ஆனால் அந்தோனியார்
நாலாம் பக்கத்தை ஆங்கிலத்தில் மட்டும்
பொடி எழுத்தில் தந்ததுமில்லை.

கையெழுத்து வைக்கும் இடத்தில்
பென்சிலால் ஒரு புள்ளடி.
வாக்குச்சீட்டைப் போல.

அப்போதுதான்
வரவேற்பு மேசைப் பிள்ளையின் போன் அதிர்ந்தது.
இலக்கத்தைப் பார்த்தாள். எடுக்கவில்லை.
துண்டிக்கவுமில்லை.
துண்டித்தால் ஆள் உயிரோடிருப்பது தெரிந்துவிடும்.
கவிழ்த்து வைத்து, மேலே ஒரு பைலை வைத்து,
பைலின் மேல் உள்ளங்கையை வைத்தாள்
அழுகிற குழந்தையைத் தட்டுவது மாதிரி.

நான் தலையணை வைப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நிமிர்ந்தவள், நான் பார்ப்பதைப் பார்த்தாள்.
இரண்டு பேரும் வாளியைப் பார்த்தோம்.

இங்கே இருப்பவளுக்கே
இவர்கள் கதைத்துக் கொடுக்கவில்லையா?
அல்லது அவளிடமும் முப்பத்தையாயிரம் இல்லையா?
டிலான் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன்.
மேசைக்கடியில் அவன் சப்பாத்தும்
வாய் பிளந்து ஒட்டியதுதான்.

"அவரிட்டக் கேட்டுட்டு வாறன்," என்றேன்.
தப்பி வரச் சொன்ன பொய்.
இரண்டாம் மாடிக்கு இறங்குவதற்குள்
அதை உண்மையாக்கினால் என்ன என்று பட்டது,
பட்டவுடன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.
அன்ரனின் முகம் கல்குலேட்டர் பார்த்த முகமில்லை.
மாறும்.

படிவம் கைப்பையில், நாலாக மடித்து.
கிழிக்கவில்லை. திங்கள்வரை பார்க்கலாம்.

வீதிக்கு வந்ததும் அதிர்ந்தது.
பூச்சியம் பதினொன்றில் தொடங்கும் இலக்கம்.
எடுத்தேன்.
அந்தப் பக்கம் ஒரு பெண், ஒரு கணம் ஒன்றுமே சொல்லவில்லை.
எடுப்பேன் என்று எதிர்பார்க்கவில்லைப் போலும்.
பிறகு தாளைப் புரட்டும் சத்தம்.
"ஓம், நான்தான்," என்றேன்.
"கொஞ்சம் பொறுங்கோ, பஸ் போகட்டும்."